நடுவிலிருந்த பெட்டி

எல்லப்பன் இருமினால் ஆள் வருகிறது என்று அர்த்தம். இருமாத வரைக்கும் நேரம் இருக்கிறது.

முனீர் அகமது மோட்டாரின் பின்மூடியிலிருந்த நான்கு போல்ட்டுகளையும் கழற்றிவிட்டார். மூடி அசையவில்லை. மாம்பழச் சாறு இடுக்கெல்லாம் இறங்கிக் காய்ந்து, பசை வைத்து ஒட்டியதுபோல் பிடித்துக்கொண்டிருந்தது. சுத்தியலால் ஓங்கி ஒன்று போட்டால் வந்துவிடும். ஆனால் சத்தம் ஆபீஸ் வரைக்கும் போகும். தோளில் கிடந்த துண்டை நான்காக மடித்து விளிம்பில் வைத்து, மரக்கட்டையால் சுற்றிச் சுற்றித் தட்டினார். முன்பக்கம், டெர்மினல் பெட்டியின் மேல், போலீஸ்காரர்கள் நூல் கட்டி வைத்த அரக்கு முத்திரை சிவப்பாக மின்னியது. அதை யாரும் தொடக் கூடாது. மோட்டாருக்குப் பின்பக்கமும் ஒரு மூடி உண்டு என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

"ஆச்சுங்களா பாய்?" வெளியிலிருந்து எல்லப்பனின் குரல் வந்தது.

"பொறு எல்லப்பா."

"சாப்பாட்டு மணி முடிய பத்து நிமிசந்தான் இருக்குது. மேனேஜரு கை களுவுனா நேரா இந்தாண்டதான் சிகரெட்டு குடிக்க வருவாரு."

வேப்பனப்பள்ளி சாலையில் இருந்த அந்த மாங்கூழ் ஆலையின் பழைய இரும்புக் கொட்டகை அது. தகரக் கூரைக்குக் கீழே ஜூன் மாத வெயில் அடுப்பில் வைத்ததுபோல் காய்ந்தது. வெளியே முற்றத்தில் இறக்கிப் போட்ட பெங்களூரா மாம்பழம் எட்டு நாளாக அப்படியே கிடந்தது. மேலே இருந்தவை கறுத்துச் சுருங்க, அடியில் இருந்தவை சாறாகி வடிந்து வாய்க்கால்போல் ஓடி, அதில் ஈ மொய்க்கிற ரீங்காரம் மெஷின் ஓடுகிற சத்தம் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. மெஷின் எதுவும் ஓடவில்லை. எட்டு நாள் முன்னால், வியாழக்கிழமை காலையில், பூவம்மாள் செத்ததிலிருந்து ஓடவில்லை.

கூழ் பிழிகிற எந்திரத்தை அங்கே எல்லோரும் பல்ப்பர் என்றுதான் சொல்வார்கள். பூவம்மாள் அதன் வாயில் பழத்தைத் தள்ளுகிற வேலை. ரப்பர் செருப்பு, ஈரத் தரை, முழங்கை வரை சாறு. மோட்டார் உள்ளே புகைந்தது. சுருளின் மேல்பூச்சு கருகி, மின்சாரம் மோட்டாரின் இரும்பு உடம்புக்கு வந்தது. உடம்பிலிருந்து எந்திரத்துக்கு வந்தது. பூவம்மாள் எப்போதும்போல இடது கையை அதன் விளிம்பில் ஊன்றினாள். அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த பெண்கள் அவள் சிரிக்கிறாள் என்று நினைத்தார்களாம். பல் தெரிந்ததாம்.

கசிந்த மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் பட்டை புளிப்புத் தண்ணீரில் அரித்து அறுந்து கிடந்தது என்று ஆலையில் கிசுகிசுத்தார்கள். ஆனால் பூவம்மாளைப் புதைப்பதற்குள் புதுப் பட்டை பளபளவென்று வந்துவிட்டது. போலீஸ் வந்து பார்த்தபோது எல்லாமே சரியாக இருந்தது, மோட்டாரைத் தவிர. அவள் சாவுக்குப் பதினொரு நாள் முன்னால்தான் மோட்டாருக்குக் கிருஷ்ணகிரி பழையபேட்டை ஸ்டார் ரீவைண்டிங் கடையில் புதுச் சுருள் சுற்றியிருந்தார்கள். சோதித்த சீட்டில் பஷீர் அஹமது என்று கையெழுத்து. கவனக்குறைவால் மரணம் என்று வழக்குப் போட்டு, பஷீரைத் தூக்கிக்கொண்டுபோய் சப்-ஜெயிலில் வைத்துவிட்டார்கள்.

பஷீர், முனீரின் அக்கா மகன். இருபத்தாறு வயது. கடை முனீருடையது. கையெழுத்து மட்டும் அவனுடையது.

மூடி சட்டென்று விட்டுக்கொடுத்தது. கருகிய வார்னிஷ் நாற்றம் முகத்தில் அடித்தது. முனீர் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே குனிந்தார். செம்புச் சுருள்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. தேன் நிறம். புதுசாகச் சுற்றின பளபளப்புகூடப் போகவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும், வெளியிலிருந்து வயர் வந்து சுருளோடு சேர்கிற முனையில், முதல் இரண்டு சுற்று உருகி, குண்டூசித் தலைபோல ஒரு செம்பு மணியாகத் திரண்டிருந்தது. சுற்றிலும் கரி.

அதே இடம். மூன்றாவது தடவையும் அதே இடம்.

மே கடைசியில் முதல் தடவை எரிந்தபோது உள்ளே இருந்தது கம்பெனி சுற்றி அனுப்பிய சுருள். ஜூன் ஏழாம் தேதி எரிந்தது முனீர் தன் கையால் சுற்றியது. இது பஷீர் சுற்றியது. மூன்று கை, மூன்று கம்பி, ஒரே காயம். சுற்றுகிறவன் தப்பு விட்டிருந்தால் ஒருதரம் நடுவில் எரியும், ஒருதரம் அடியில் எரியும். இப்படி வாசற்படியிலேயே மூன்று தரம் அடி விழாது. அடி உள்ளிருந்து விழவில்லை. வெளியிலிருந்து எதுவோ வந்து அடிக்கிறது.

எல்லப்பன் இருமினார்.

முனீர் மூடியை வைத்து இரண்டு போல்ட்டை மட்டும் திருகிவிட்டு, பின்பக்கத்துத் தகர இடைவெளியில் உடம்பைச் சொருகி வெளியே வந்தார். கொஞ்ச நேரம் கழித்து எல்லப்பன் வேலியோரம் வந்து நின்றார். வாட்ச்மேன் காக்கிச் சட்டை தொளதொளவென்று இருந்தது. எட்டு நாளில் ஆள் பாதியாகியிருந்தார். பூவம்மாள் அவர் பெண்சாதி.

"என்னாங்க தெரிஞ்சுது?"

"பஷீர் மேல தப்பில்ல எல்லப்பா. சத்தியமாச் சொல்றேன்."

எல்லப்பன் காறித் துப்பினார். "உங்க பையன் உள்ள கெடந்தாலும் சரி, வெளிய வந்தாலும் சரி, எனக்கு ஒண்ணும் ஆவப்போறதில்லீங்க. அதுக்காவ நான் கதவத் தொறந்து வுடல. ஆருன்னு தெரியணும். அவ்ளோதான். கரண்டு, கரண்டுங்கறாங்கோ. கரண்டுக்கு என்னா கண்ணா இருக்குது? ஆரோ ஒருத்தன் எங்கியோ ஒண்ணு பண்ணியிருப்பானில்ல? அவன் மூஞ்சியப் பாக்கணும்."

"திங்கக்கெழமை தர்மபுரிலருந்து எலக்ட்ரிக்கல் இன்ஸ்பெக்டர் வர்றாரு. அதுக்குள்ள கண்டுபிடிச்சிடுவேன்."

"புடிங்க. புடிச்சா மொதல்ல எனக்குச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமைத் தொழுகை தவறிப்போனது முனீருக்குச் சைக்கிளில் ஏறின பிறகுதான் நினைவு வந்தது.

சாயங்காலம் அக்கா அஸ்மத் கடைக்கு வந்தாள். கையில் டிபன் கேரியர். ஜெயிலுக்குப் போன கனமாகவே திரும்பி வந்திருந்தது என்பது அவள் அதைப் பெஞ்சில் வைத்த சத்தத்திலேயே தெரிந்தது. தம்பியோடு அவள் எட்டு நாளாகப் பேசவில்லை. இப்போதும் உட்காரவில்லை.

"சாப்பிடல," என்றாள். "கையையே பாத்துக்கிட்டு இருக்கான்."

முனீர் கேரியரின் மூடியைத் திறந்து பார்த்தார்.

"'எங்கயாவது தப்பு வுட்டுட்டனான்னு மாமாவக் கேட்டுட்டு வாம்மா'ங்கிறான். 'நான் மூணு தரம் பாத்தேன், மாமாவும் பாத்தாரு, இருந்தாலும் கேட்டுட்டு வா'ங்கிறான். ராவெல்லாம் அந்தப் பொம்பள வந்து நிக்கிறாளாம். வாயத் தொறந்து கேக்கறேன் முனீரு. எம்புள்ள கொலகாரனா?"

"இல்லக்கா."

"அத என்கிட்டச் சொல்லாத. எழுதிக் குடுக்கிறவன்கிட்டச் சொல்லு."

சொல்வதற்கு முனீரிடம் ஒரு செம்பு மணிதான் இருந்தது. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், ராயக்கோட்டை, எங்கே மோட்டார் எரிந்தாலும் 'ஸ்டார் பாய்கிட்டக் காட்டு' என்பார்கள். இருபத்திரண்டு வருஷத்துப் பேர் அது. போர்வெல் மோட்டார், மாவு மில் மோட்டார், கிரானைட் அறுக்கிற மோட்டார் என்று வராத சரக்கு இல்லை. நடந்து போகிறபோதே நிறுத்தி, இது ஓடுமா பாய், அது தாங்குமா பாய் என்று கேட்பவர்களுக்கு நின்றபடியே பதில் சொல்லிவிட்டுப் போவார். ஆனால் அவர் சுற்றிய மோட்டார்களில் ஒன்றுகூட இப்படி எரிந்ததில்லை. இந்த ஒரு மோட்டாருக்கு மட்டும் என்ன தனி? யோசித்தால் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் நேராக லைனில் ஓடுபவை. இது டிரைவில் ஓடுவது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்தப் புதுப் பெட்டியை இந்த ஏப்ரலில்தான் ஓசூர் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து வைத்தார்கள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஓசூருக்குப் போனார். சிப்காட் வளாகத்தில் அந்தக் கம்பெனியின் கேட்டுக்கு வெளியே இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றார். பத்தரை மணிக்கு வந்த சர்வீஸ் என்ஜினியர் கோவிந்தன் முதலில் பேசவே பயந்தான். முப்பது வயது இருக்கும். கன்னடமும் தமிழும் ஒரே வாயில் வரும்.

"ஏனு மாடோது சார், என்ன பண்றது, போலீஸ் கேஸ்னு மேல சொல்லிட்டாங்க. எதுவும் பேசக் கூடாதுன்னு ஆர்டர்."

"பேச வேணாம் தம்பி. நான் சொல்றேன், ஆமா இல்லன்னு தலைய மட்டும் ஆட்டு. மூணு தரம் எரிஞ்சுது. மூணு தரமும் லீடு ஒயர் சேர்ற எடத்துல, மொத ரெண்டு சுத்து."

கோவிந்தன் தலையை ஆட்டவில்லை. அவரைச் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டுபோய் எதிரே டீக்கடையில் உட்காரவைத்தான்.

"மொத ரெண்டு சுத்தா? நல்லாப் பாத்தீங்களா?"

"கண்ணால பாத்தேன்."

"சார், பழைய டிரைவ்ல ஸ்விட்ச் மெதுவாத் தொறக்கும், மெதுவா மூடும். இது புதுசு. ஐ.ஜி.பி.டி.ன்னு பேரு. செகண்டுக்கு ஆயிரக்கணக்குல தொறந்து மூடும், ஒவ்வொண்ணும் படார் படார்னு. போர்வெல் பைப்புல ஓடுற தண்ணிய டக்குன்னு வால்வு போட்டு நிறுத்தினா பைப்பு டமால்னு அடிக்குமே, கேட்டிருக்கீங்களா?"

"கேட்டிருக்கேன்."

"அதேதான். பல்ப்பர் ஹாலு பூரா தண்ணி அடிச்சுக் களுவுறாங்கன்னு டிரைவை அந்தக் கோடில தனி ரூம்ல வச்சோம். மோட்டாருக்கும் அதுக்கும் எழுபத்தஞ்சு மீட்டர் கேபிள். அலை அவ்வளவு தூரம் ஓடிப் போய் மோட்டார்ல முட்டும். முட்டுற எடத்துல அறுநூறு வோல்ட் ஆயிரத்து இருநூறா எந்திரிச்சு நிக்கும். அந்த அடிய யாரு வாங்குவா?"

"மொத ரெண்டு சுத்து," என்றார் முனீர். எட்டு நாளில் முதல்தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போனது.

"ஹௌது, ஆமா சார். எந்த மகராசன் சுத்தினாலும் எரியும். அதுக்குத்தானே சார் நடுவுல பில்டர் குடுத்தோம்!"

"என்ன பில்டர்?"

"அவுட்புட் பில்டர். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவுல ஒரு பெட்டி. உள்ள மூணு பெரிய காயில், கம்பிச் சுருளு. படார்னு வர்ற அலைய வாங்கி மெதுவாக்கி அனுப்பும். ஓட ஓட தோசைக்கல் மாதிரி சுடும். சுடணும், அதுக்கு அதான் வேலை. பயப்படாதீங்கன்னு ஸ்டிக்கரே ஒட்டியிருக்கோம்."

"தமிழ்லயா?"

கோவிந்தன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "இங்கிலீஷ்ல," என்றான்.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி தானே மாட்டியதாக அவன் சொன்னான். அது இருந்தவரை மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றும் சொன்னான். எரிந்திருக்கிறது என்றால், அது இப்போது அங்கே இல்லை. யாரோ கழற்றிவிட்டார்கள். கடைசியில், யாரிடமும் தன் பேரைச் சொல்லக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டு, பெட்டியை ஒப்படைத்த சலானின் நகலை எடுத்துவந்து அவர் சட்டைப் பையில் திணித்தான். கீழே ஆலையின் சார்பில் எலக்ட்ரீஷியன் திம்மராயனின் கோணல் கையெழுத்து.

திரும்பும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் காகிதத்தைச் சூளகிரி வருவதற்குள் பத்து தரமாவது பிரித்துப் பார்த்திருப்பார். அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால், அப்படி ஒரு பெட்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று முனீர் அல்லாவின் மேல் ஆணையிட்டிருப்பார். யார் கழற்றியிருப்பார்கள் என்பதிலும் அவருக்குச் சந்தேகமே இல்லை. மேனேஜர். ஒரு பெட்டி சூடாகிறது, கரண்டு தின்கிறது, கழற்றிப் போடு என்று சொல்கிற வாய் அந்த ஒரு வாய்தான். எர்த் பட்டையை ஒரே நாளில் மாற்றின ஆள் இல்லையா?

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, டிரைவ் வைத்திருந்த அந்தக் கோடி அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். தர்மபுரியிலிருந்து வந்த மின் ஆய்வாளர் ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடி நுனி மூக்கில். கொடுத்த இளநீரைத் தொடவில்லை. மேனேஜர் வெள்ளைச் சட்டையில், மெட்ராஸ்காரத் தோரணையில். சுவரோரம் திம்மராயன், நாற்பது வயது, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. வாசலில் காவலுக்கு எல்லப்பன். முனீரை உள்ளே விட மேனேஜருக்கு இஷ்டமில்லை. "ரீவைண்டிங் கடைக்காரரும் இருக்கட்டும், கேள்வி இருக்கும்" என்று ஆய்வாளர்தான் சொன்னார்.

"சார், இந்தச் சுவத்துல நாலு போல்ட் ஓட்டை இருக்குது பாருங்க," என்றார் முனீர். "அங்க ஒரு பெட்டி இருந்துச்சு. அத எடுத்ததாலதான் மோட்டார் எரிஞ்சுது."

"பெட்டியெல்லாம் எதுவும் இல்லை," மேனேஜர் சிரித்தார். "மச்சானையோ மருமகனையோ காப்பாத்த இவர் கதை..."

முனீர் சலானை நீட்டினார். ஆய்வாளர் அதை நிதானமாக இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். நாற்காலியைப் போட்டு ஏறி, ஓட்டைகளுக்கு நடுவே விரலால் தடவினார். அங்கே மட்டும் சுண்ணாம்பு வெப்பத்தில் பழுத்து, சதுரமாக ஒரு பழுப்பு நிறம் இருந்தது.

"அவுட்புட் பில்டர் வந்திருக்கு. மாட்டியும் இருந்திருக்கு. அது இல்லாம இவ்வளவு தூரம் ஓட்டினா வைண்டிங் தாங்காதுதான்." மேனேஜர் பக்கம் திரும்பினார். "உங்க ரீவைண்டர் மேல தப்பில்ல போலிருக்கே. யார் கழட்டினது?"

மேனேஜர் திம்மராயனைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"நான்தாங்க," என்றான் திம்மராயன்.

"யார் சொல்லி?"

"ஆரும் சொல்லல. ரொம்பக் காஞ்சுதுங்க. தீப்பிடிச்சிரும்னு பயந்துக்கிட்டு நானாத்தான் கழட்டுனேன். ஸ்டோர்ல இருக்குது."

வாசலில் சலசலப்பு. எல்லப்பன் ஓரடி உள்ளே வந்துவிட்டார். "திம்மராயா. நீயாடா?"

திம்மராயன் நிமிரவில்லை. "நான்தாண்ணா," என்றான் தரையைப் பார்த்து.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆய்வாளர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். எழுத ஆரம்பித்தால் பஷீர் நாளைக்கோ நாளன்றைக்கோ வெளியே வந்துவிடுவான். அஸ்மத்தின் டிபன் கேரியர் காலியாகத் திரும்பும். முனீர் வந்த வேலை அதுதான். ஆனால் மேனேஜரின் முகத்தில் பரவிய நிம்மதியை முனீர் பார்த்துவிட்டார். தாங்கவில்லை. மாட்டிக்கொண்டது மறுபடியும் ஒரு கூலிக்காரன். ஒரு பையனை வெளியே எடுக்க இன்னொருத்தனை உள்ளே தள்ளுவதா? போதாததற்கு வாசலில் எல்லப்பன், தப்பான ஒரு மூஞ்சியைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு.

"பொய் சொல்றான் சார்," என்றார் முனீர்.

"பாய்," என்றான் திம்மராயன்.

"சார், எனக்கு இவனப் பதினஞ்சு வருசமாத் தெரியும். தானா ஒரு ஸ்க்ரூவக்கூடக் கழட்ட மாட்டான். அவ்வளவு பயந்தவன். யாராச்சும் சொல்லணும். சொன்னா, யாரு சொன்னாங்க, என்னிக்குச் சொன்னாங்கன்னு நோட்டுல எழுதி வச்சுக்குவான். பின்னால பளி வந்துரும்னு. எடுடா நோட்ட."

"நோட்டெல்லாம் இல்லீங்க. தண்ணில நனஞ்சு போச்சுங்க."

"யாரக் காப்பாத்தற? சோறு போடறவங்கன்னு பாக்கறியா? பொண்டாட்டியப் பறிகொடுத்துட்டு அங்க ஒருத்தன் நிக்கறான், அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு நனஞ்சு போச்சுன்னு!"

திம்மராயன் அழுதுவிடுவான் போலிருந்தது. "வேணாம் பாய். நான்தான் ஒத்துக்கிட்டேனே. வுட்டுருங்க பாய். உங்க கால்ல வேணா வுளறேன்."

இவ்வளவு பயப்படுகிறான் என்றால் உள்ளே மேனேஜரின் பேர் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? முனீர் சுவரோர மின் பேனலின் கதவைத் திறந்தார். உள்பக்கத்துத் தகரப் பையில், ரேஷன் கார்டு மாதிரி பாலிதீன் உறை போட்டு, பத்திரமாக இருந்தது நீள நோட்டு. ஒரு சொட்டு ஈரமில்லை. திம்மராயன் பாய்ந்து வந்து பிடிக்கப் பார்த்தான். முனீர் அவனை முழங்கையால் தள்ளிவிட்டு, நோட்டை ஆய்வாளர் கையில் கொடுத்தார்.

"மே மாசத்துல பாருங்க சார். சத்தமாப் படிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

ஆய்வாளர் பக்கங்களைத் தள்ளினார். பென்சில் எழுத்து. விரல் கீழே இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது. முதலில் தனக்குள் படித்தார். பிறகு கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார்.

"'மே பதினாலு, புதன். பில்டர் பெட்டி அதிகச் சூடு. மேனேஜரிடம் சொன்னேன், கம்பெனிக்கு போன் போடலாம், அதுவரை தொடாதே என்றார். கம்ப்ரசர் மோட்டார் பார்க்க முனீர் பாய் வந்திருந்தார். கூட்டிவந்து காட்டினேன். மேலே கை வைத்து எண்ணிப் பார்த்தார். ஆறு எண்ணுவதற்குள் எடுத்துவிட்டார். பத்து வரை கை தாங்காவிட்டால் உள்ளே காயில் வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், மோட்டாருக்குள்ளேயே காயில் இருக்கும்போது வெளியில் இன்னொன்று எதற்கு, இதைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகக் கொடு, ஒன்றும் ஆகாது என்றார். பகல் பன்னிரண்டரைக்குக் கழற்றினேன். மோட்டார் நன்றாக ஓடுகிறது.'"

திம்மராயன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

முனீருக்கு முதலில் வந்தது அந்த டீயின் ருசி. ஒரு கையில் கண்ணாடி டம்ளர். சர்க்கரை அதிகம். கம்ப்ரசர் வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தார்; வாசலில் சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டாயிற்று; திம்மராயன் ஓடிவந்து, ஒரே நிமிஷம் பாய் என்றான். இதே அறை. இதே சுவர். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு பெட்டி. இருபத்திரண்டு வருஷமாக எல்லா மோட்டார்மேலும் வைத்த கையை அதன்மேலும் வைத்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு. டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்துக்கொண்டேதான் சொன்னார். கேட்டவனுக்கு நின்றபடி சொல்லும் பதில். சைக்கிள் மிதித்து ரோட்டுக்கு வருவதற்குள் மறந்துபோன பதில்.

ஆய்வாளர் நோட்டின் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே நிமிர்ந்தார். அவர் கையிலிருந்த வழக்குக் காகிதங்களில் கடையின் பேர் இருந்தது, பஷீரின் பேர் இருந்தது. வேறு பேர் இல்லை.

"யாருங்க இந்த முனீர் பாய்?" என்றார்.

மேனேஜருக்கும் தெரியவில்லை. ஸ்டார் பாய் என்றுதான் அவருக்கு வழக்கம். அவர் திம்மராயனைப் பார்த்தார். திம்மராயன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலில், வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்த எல்லப்பன், தலையிலிருந்த காக்கித் தொப்பியைக் கழற்றினார். அதன் உள்விளிம்பில் தேங்கியிருந்த வியர்வையைக் கட்டைவிரலால் ஒரு சுற்று நிதானமாக வழித்து உதறினார். பிறகு தலையைத் தூக்கி, முனீரின் மூஞ்சியைப் பார்த்தார்.